கோலியாத்தைக் கொன்னது யாருடா பேராண்டி?

மாரிகுப்பத்துல ரயில் ஏறி பெங்களூர் கன்டோன்மென்ட்ல இறங்கறதுக்குள்ள ஒரு வேதத்தையே கவுத்துப்புடலாம்னு இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு நம்பிக்கை. கையில போன் இருக்கு, அன்னிக்கு அதிசயமா உட்கார சீட்டும் கெடச்சுடுச்சு, வேற இன்னா வேணும்? பங்காருப்பேட்டை தாண்டறதுக்குள்ள நோவா காலி. மாலூர் வந்தா மோசே. வொயிட்ஃபீல்டுல சிம்சோன். நீ இறங்கி ஆபீசுக்கு நடக்கறப்போ பழைய ஏற்பாட்டுல ஒரு ஆளு மிச்சமில்லை.

அதோட விட்டியா? ராத்திரி அதே ரயில்ல திரும்பி வந்து, அடுப்பாண்ட உக்காந்திருந்த பாட்டிகிட்ட, "மோசேன்னு ஒருத்தர் இல்லவே இல்லையாம் பாட்டி, எல்லாம் நாட்டுப்புறக் கதையாம்"ன்னு போட்டு ஒடைச்சே. அவ அழுவா, ஜெபம் பண்ணுவா, சர்ச் ஐயரைக் கூப்பிடுவான்னு எதிர்பார்த்தே போல. அவ இன்னா சொன்னா? "அப்படியா, கைகால் கழுவிக்கினு வா, களி ஆறுது"ன்னா. உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்து நான் பேப்பருக்குப் பின்னால சிரிச்சேன். பொறந்ததுலேருந்து கதை கேட்டு வளர்ந்தவகிட்ட போய் "இது கதை"ன்னு சொல்லி பயமுறுத்தப் பார்த்தியே, உனக்கு இன்னா தைரியம்!

உன்னைத் திட்ட நான் வரலைடா. நீ சொன்னது தப்பும் இல்லை. பாதியில இறங்கிட்டே, அதுதான் தப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல கேஜ் ஏறினவன் எவனும் நடுவழியில இறங்க மாட்டான், இறங்கினா ஆளு இருக்க மாட்டான். நம்ம வீட்டு வரலாறு உனக்குத் தெரியும். எங்கப்பா பௌத்த சங்கம், எங்கம்மா மாரியாத்தா, உன் பாட்டி பைபிள். பத்துக்குப் பத்து லைன் வீட்டுல மூணு வேதம் ஒண்ணாப் படுத்துத் தூங்கினதைப் பார்த்தவன் நான். அதனால நீ கொண்டாந்த சரக்கைப் பார்த்து எனக்கு ஒண்ணும் நடுக்கம் வரலை. இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தரேன், எடுத்துக்கோ.

மோசேயில ஆரம்பிப்போம். அக்காடு நாட்டை ஆண்ட சார்கோன், கி.மு. 24-ஆம் நூற்றாண்டுக் கடைசி. அவன் பேர்ல ஒரு பொறப்புக் கதை களிமண் பலகையில கெடச்சிருக்கு. அம்மா கோயில்ல பெரிய பூசாரிச்சி. ரகசியமாப் பெத்து, நாணல் கூடையில வெச்சு, மூடியில கீல் பூசி ஆத்துல விட்டுட்டா. அக்கின்னு ஒரு தண்ணி எறைக்கிறவன் கூடையை எடுத்து வளர்த்தான். அந்தப் பிள்ளை பின்னால மகாராஜா. யாத்திராகமத்துலயும் நாணல், கீல், ஆறு. அப்படியே இருக்குதா? இருக்கு. ஆனா இதுக்கு நீ மெசபொட்டேமியா வரைக்கும் போவணுமா? குந்தி பெத்த பிள்ளை பெட்டியில படுத்து அசுவ நதி, சர்மண்வதி, யமுனை, கங்கைன்னு நாலு ஆறு மிதந்து தேரோட்டி வீட்டுக்குப் போகலையா? 1964-ல பந்துலு அதைப் படமாவே எடுத்தார். ஆத்துல பிள்ளை வந்தா அது சாதாரணப் பிள்ளை இல்லைன்னு நம்ம ஊர்ல கூத்து பார்க்கிற கிழவிக்கும் தெரியும். அதான் உன் பாட்டி அசையலை.

இதுல நீ கவனிக்காம விட்ட சங்கதி ரெண்டு. சார்கோன் கதை எழுதின பலகைங்க கி.மு. ஏழாம் நூற்றாண்டுது. அவன் செத்து ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆன பின்னாடி எழுதினது. அதனால யாரு யாருகிட்ட எடுத்தாங்கன்னு நீ அடிச்சுச் சொல்ல முடியாது. இது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னன்னா, சார்கோனும் கர்ணனும் பெரிய எடத்துல பொறந்து சின்ன எடத்துல வளர்றாங்க. ராஜா கதைன்னா அப்படித்தான் இருக்கும். கூலிக்காரன் வீட்டுல வளர்ந்தாலும் ரத்தம் ராஜ ரத்தம்னு காட்டணும் இல்லே? மோசே கதை தலைகீழ். செங்கல் அறுக்கிற அடிமை வீட்டுல பொறந்து அரண்மனையில வளர்றான். சிக்மண்ட் ஃப்ராய்டு 1939-ல மோசேயைப் பத்தி எழுதின புஸ்தகத்துல இந்தத் தலைகீழைப் புடிச்சுக்கினுதான், மோசே எகிப்தியராத்தான் இருக்கணும்னு எங்கேயோ போயிட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? ராஜா கதை கூலிக்காரன் வாயில விழுந்தா திரும்பித்தான் வரும். அதே யாத்திராகமத்துல ஆண் பிள்ளைங்களைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குப் பேர் கெடையாது, வெறும் பார்வோன். கொல்ல மாட்டேன்னு ஏமாத்தின மருத்துவச்சிங்க ரெண்டு பேருக்கும் பேர் இருக்கு: சிப்பிராள், பூவாள். உலகத்துல எந்த ராஜா தன் கல்வெட்டுல மருத்துவச்சி பேரைப் போட்டு தன் பேரை விட்டிருக்கான், சொல்லு பார்க்கலாம். கதை எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்காதே. யாரு வாயில பூந்து வந்துச்சுன்னும் கேளு.

நோவா விஷயத்துல உனக்கு ரொம்பக் குஷி. 1872 டிசம்பர் 3, லண்டன்ல ஜார்ஜ் ஸ்மித் களிமண் பலகையைப் படிச்சுக் காட்டினார், பிரதம மந்திரி கிளாட்ஸ்டனே வந்து உக்காந்து கேட்டார், எல்லாம் சரி. ஸ்மித்து பண நோட்டு அச்சடிக்கிற அச்சு வெட்டும் தொழிலாளியா இருந்தவர், அதைச் சொன்னியா? மத்தியான சாப்பாட்டு நேரத்துல மியூசியத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துப் பார்த்தே ஆப்பு எழுத்தைக் கத்துக்கிட்டவர். வெள்ளக் கதையை மொதல்ல படிச்சப்போ சந்தோஷம் தாங்காம ரூம்ல அங்கியும் இங்கியும் ஓடி உடுப்பைக் கழட்ட ஆரம்பிச்சுட்டார்னு அவருக்கப்புறம் அங்கே வேலை பார்த்தவங்க எழுதி வெச்சிருக்காங்க. படிப்புன்னா அது! நீயும் படிச்சே, சட்டைப் பொத்தான்கூடக் கழலலை.

கில்காமெஷ் காவியத்தோட அந்தப் பலகையில உத்னபிஷ்டிம்னு ஒருத்தன் கப்பல் கட்டறான், மலையில தட்டி நிக்கிறான், புறாவை விடறான், தகைவிலான் குருவியை விடறான், கடைசியா காக்கையை விடறான். ஆதியாகமத்துல காக்கை மொதல்ல, புறா அப்புறம். இவ்வளவு நெருக்கமா இருந்தா தற்செயல்னு எவனும் சொல்ல மாட்டான், நானும் சொல்லலை. அப்பனோ பெரியப்பனோ, ரத்த சம்பந்தம் உறுதி. நம்ம பக்கமும் மனுவும் மீனும் சதபத பிராமணத்துல இருக்கு; பாகவதத்துல அதே கதை திராவிட தேசத்து ராஜா சத்தியவிரதன் பேருக்கு மாறி, கிருதமாலா ஆத்துக்கு வந்துடுது. மதுரைக்காரங்க அந்த ஆறு எங்க ஊர்லதான்னு இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்காங்க. கதைக்கு டிக்கெட் வேணாம்டா, எந்த ஸ்டேஷன்லயும் இறங்கிக்கும்.

ஆனா நீ படிக்காம விட்ட பலகை ஒண்ணு இருக்கு. கில்காமெஷுக்கும் முந்தின வெள்ளக் கதை, அத்ரஹாசிஸ். கி.மு. 17-ஆம் நூற்றாண்டுல படியெடுத்த பிரதியே கெடச்சிருக்கு. அதை நம்ம ஊர்ல ஒவ்வொரு லைன்லயும் ஒட்டி வைக்கணும். மனுஷனே இல்லாத காலம். சின்ன சாமிங்கதான் கூலி. ஆறு வெட்டறது, கால்வாய் தோண்டறது, ராத்திரி பகல் ஒரே மண்ணு வேலை. பெரிய சாமி என்லில் உக்காந்து சாப்பிடுது. ஒரு நாள் சின்ன சாமிங்க பொறுக்க முடியாம மண்வெட்டியையும் கூடையையும் போட்டுக் கொளுத்திட்டு, நடுராத்திரியில என்லில் வீட்டு வாசலை வளைச்சுடுச்சுங்க. யாரு தலைவன், சொல்லுன்னு ஆளு அனுப்பறாங்க. எல்லாரும்தான் தலைவன்னு பதில் வருது. நான் வாசிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. 1930-ல கைரேகை பதியச் சொன்னதுக்கு எதிரா இந்தத் தங்கவயல்ல ஒட்டுமொத்த ஆளும் வேலைக்கு இறங்காம நின்ன கதையை எங்கப்பா சொல்லச் சொல்லக் கேட்டவன் நான். என்லில் வாசல்ல இன்னா நடந்துச்சுன்னு எனக்கு எவனும் வெளக்கத் தேவையில்லை.

வேலைநிறுத்தம் எப்படி முடிஞ்சுது? சாமிங்க வேலை செய்யாம இருக்கணும்னா வேற கூலி வேணும்னு களிமண்ணைப் பெசைஞ்சு மனுஷனைப் பண்ணாங்க. சரி, அப்புறம் வெள்ளம் எதுக்கு? மனுஷங்க பெருகி ஒரே சத்தம், என்லிலுக்குத் தூக்கம் வரலை. அவ்வளவுதான் காரணம். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பகல்ல படுத்தவனுக்கு வேணா என்லில் மேல கொஞ்சம் பரிதாபம் வரும், ஆனா அதுக்காக ஊரை முழுகடிக்கிறதா? இந்தக் கதைதான் எபிரெயருங்க கைக்கு வருது. அவங்க கப்பலை வெச்சுக்கிட்டாங்க, காக்கையை வெச்சுக்கிட்டாங்க, மலையை வெச்சுக்கிட்டாங்க. காரணத்தை மட்டும் மாத்திட்டாங்க. பூமி கொடுமையால நெறைஞ்சு போச்சு, அதனால வெள்ளம். சத்தத்துக்கு இல்லை, அநியாயத்துக்கு. இரவல் வாங்கினவன் இதைச் செஞ்சிருக்கான். நீ போய் "காப்பியடிச்சாங்க பாட்டி"ன்னு சொல்றே.

இப்போ மார்க்கு விஷயத்துக்கு வரேன். 1936-ல ராக்லன் பிரபு வீரனுங்க கதைக்கு 22 அடையாளம்னு பட்டியல் போட்டார். அம்மா ராஜகுமாரி, பொறந்ததும் கொல்லப் பார்க்கிறாங்க, வேற ஊர்ல வளர்றான், மலை மேல சாவறான், உடம்பைப் புதைக்கலை, இப்படி. மோசேக்கு 20 மார்க்கு. யோசேப்புக்கு 12, எலியாவுக்கு 9. மார்க்கு கூடினா ஆளு கட்டுக்கதைன்னு அர்த்தம். நீயும் 20-ஐப் புடிச்சுக்கினு வந்து நின்னே. 1965-ல பிரான்சிஸ் அட்லின்னு அமெரிக்கக் கதை ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர் அதே அளவுகோல்ல ஆபிரகாம் லிங்கனை நிறுத்தி 22-க்கு 22 போட்டுக் காட்டினார். போட்டோ எடுத்து, ஓட்டுப் போட்டு, சுட்டுக் கொன்னு, பத்திரிகையில வந்த ஆளுடா அவர். சென்டம் வாங்கிட்டு இல்லவே இல்லாம போயிட்டார்.

நம்ம ஊரையும் அதே பரீட்சைக்கு உக்கார வெச்சுப் பார். இன்னும் மூவாயிரம் வருஷம் போவட்டும். எவனோ ஒரு பேராசிரியர் மண்ணைத் தோண்டி ரெண்டு பேர்ப்பலகை எடுக்கிறான். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஊரு, ரெண்டு பேரும் ஒரே சாயல். "இது இரட்டையர் தொன்மம். ஏசா, யாக்கோபு. ரோமுலஸ், ரீமஸ். ஊரைக் கட்டின சகோதரர்களாக மக்கள் கற்பனை செய்துகொண்டவர்கள், இப்படி யாரும் வாழ்ந்ததில்லை"ன்னு கட்டுரை வாசிப்பான். மைசூர்ல பிரிட்டிஷ் ரெசிடென்டா சம்பளம் வாங்கின ராபர்ட்சன் சமாதியில புரளுவார். அடுத்தது லவெல். நியூசிலாந்துச் சண்டையிலேருந்து திரும்பின சிப்பாய், பழைய ஏட்டுல மறந்துபோன ஒரு குறிப்பைப் படிக்கிறான், 1871-ல மாட்டுவண்டி கட்டிக்கினு தனியாக் கெளம்பறான், பூமிக்கடியில தங்கம் இருக்குன்னு கண்டுபுடிக்கிறான். சுத்தமான மாயாஜாலக் கதை! அதுக்கும் மேல, ஜனங்க மூணு கிலோமீட்டருக்கு மேல பாதாளத்துல இறங்கினாங்க, கையில் வெளக்கோட திரும்பி வந்தாங்கன்னா? "பாதாளப் பயணம், உலகமெங்கும் உள்ள கூறு." சயனைட் மலையைப் பார்த்தா, புல்லு பூண்டு மொளைக்காத வெள்ளை மண்ணு மேடு எப்படி வந்துச்சுன்னு வெளக்க ஜனங்க கட்டின காரணக் கதைன்னுடுவான். சாக்கடல் ஓரத்து உப்புத் தூணுக்கு லோத்து பொண்டாட்டியைக் காரணம் சொன்ன மாதிரி. ஆனா நாமதான் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடின வரைக்கும் அதுல எறங்கி ஏறினோம். ஆளு நெசமா இருந்தும் கதையா ஆவலாம். கதையா இருக்கறதால ஆளு பொய்யாவணும்னு இல்லை. மோசே நெசமா பொய்யான்னு நான் சொல்ல வரலை. உன் அளவுகோல் அதைச் சொல்லாதுன்னு சொல்றேன்.

யோசேப்பு கதையை ரொம்ப இழுக்க வேணாம். போத்திபார் பொண்டாட்டி கையைப் புடிச்சா, மறுத்தான், பழி விழுந்துச்சு. எகிப்துல அண்ணன் தம்பி கதைன்னு ஒண்ணு, கி.மு. 1200 வாக்குல பாப்பிரசுல எழுதினது, பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அண்ணி தம்பியைக் கூப்பிடறா, மறுத்ததும் பழி போடறா. நம்ம ஊர் நாடகக் கொட்டாயில சாரங்கதரன் கையும் காலும் வெட்டுப்பட்டுக் கெடந்ததும் அதே பழியாலதான், சித்திக்காரி சித்திராங்கி போட்டது. மூணு நாட்டு ஆம்பிளைங்களும் பொம்பளை மேல பழியைப் போட ஒரே மாதிரி கதை கட்டியிருக்காங்கன்னு உன் பாட்டி ஒரே வரியில முடிச்சுடுவா.

யோபுவுக்கு வா. பரலோக சபையில பந்தயம் வெச்சு பூமியில நல்லவனைச் சோதிக்கிறது. அரிச்சந்திரனையும் அப்படித்தான் வசிஷ்டரும் விசுவாமித்திரரும் பந்தயம் வெச்சுச் சுடுகாட்டுக்கு அனுப்பினாங்க. எசேக்கியேல் தீர்க்கதரிசி நோவா, தானியேல், யோபுன்னு மூணு நீதிமானை ஒரே மூச்சுல சொல்றார். அந்தத் தானியேல் சிங்கக் கெபித் தானியேல் இல்லை, 1929-க்கு அப்புறம் சிரியாவுல ராஸ் ஷம்ராவுல தோண்டி எடுத்த பலகையில வர்ற தானேல்னு பழைய கதை நாயகன்தான்னு பல பேர் நெனைக்கிறாங்க. ஊர் வாசல்ல உக்காந்து விதவைக்கும் அனாதைக்கும் நியாயம் சொன்னவனாம். இருக்கலாம். நல்லவன் பேர் எல்லை தாண்டிப் போறது நல்லதுதானே.

அரிச்சந்திரன்னதும் அயோத்திதாசப் பண்டிதர் ஞாபகம் வருது. நீ கண்டுபுடிச்சதா நெனைச்சுக்கினு இருக்கியே, இந்தக் கதை தோண்டற வேலை, அது நம்ம ஊருக்குப் புதுசு இல்லைடா. 1907-ல மெட்ராஸ் ராயப்பேட்டையில 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பிச்சவர் அவர். மாரிகுப்பத்துலயும் சாம்பியன் ரீஃப்லயும் அந்தக் காலத்துலயே பௌத்த சங்கம் இருந்துச்சு, பத்திரிகையைக் கூட்டமா உக்காந்து ஒருத்தர் வாசிக்க மத்தவங்க கேட்டாங்க. அவர் 1914-ல போனதுக்குப் பிற்பாடு அதே 'தமிழன்' இந்தத் தங்கவயல்லேருந்து வந்துச்சு. அவர் எழுதினதை இங்க சித்தார்த்தா புத்தகசாலைதான் அச்சுப் போட்டுக் காப்பாத்துச்சு. அவர் இன்னா பண்ணார்? அம்மன் யாரு, தீபாவளி எதுக்கு, அரிச்சந்திரன் கதையில எது பொய்னு ஒவ்வொரு கதையையும் கீழேருந்து தோண்டினார். ஜெர்மனியில குங்கெல் 1901-ல ஆதியாகமத்துக் கதைங்களை வாய்வழிக் கதையாப் பிரிச்சுப் பார்த்துக்கினு இருந்த அதே காலகட்டம். ஃப்ரேசர் மூணு பாகமா பழைய ஏற்பாட்டு நாட்டார் வழக்கை எழுதினது 1918-ல, பண்டிதர் போய் நாலு வருஷம் கழிச்சு.

வித்தியாசம் இன்னா தெரியுமா? குங்கெல் தோண்டினா அடியில கதை கெடைக்குது. பண்டிதர் தோண்டினா அடியில ஜனம் கெடைச்சுது. ஆடி மாசம் கூழு ஊத்தற அம்மனுக்கு அடியில வைத்தியம் பார்த்த ஒரு பிக்குணி இருந்தான்னார். அவர் சொன்னது எல்லாமே சரின்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், சில எடத்துல மனுஷன் ரொம்பத் தாராளம். ஆனா எதைத் தேடி இறங்கினார்ங்கறது எனக்குப் புடிக்கும். உன் கதையை எவனோ மாத்திப்புட்டான், உன் பேரை எடுத்துட்டு அவன் பேரைப் போட்டுக்கிட்டான், போய்ப் பார்னார். பூமிக்கடியில வேலை செஞ்ச ஜனத்துக்கு அது சுருக்குனு புரிஞ்சுது.

அதை மனசுல வெச்சுக்கினு சாலொமோன்கிட்ட போவோம். ஒரு குழந்தைக்கு ரெண்டு அம்மா சண்டை. வாளைக் கொண்டா, ரெண்டா வெட்டுன்னான் ராஜா. இந்தக் கதையை நான் மூணு தரம் கேட்டேன், ஒரே வீட்டுல. எங்கம்மா சொன்னா நீதிபதி மரியாதை ராமன், சண்டை போடறது மூத்தாளும் இளையாளும். எங்கப்பா சொன்னா மகோசதர், அதாவது முந்தின பொறப்புல புத்தர். குழந்தையைத் திங்க வந்த யட்சிணி ஒரு பக்கம், பெத்தவ ஒரு பக்கம். அங்க வாள் கெடையாது. தரையில கோடு கிழிச்சு நடுவுல குழந்தையைப் படுக்க வெச்சு இழுக்கச் சொல்றார். அது அழுததும் எவ கையை விட்டாளோ அவதான் அம்மா. அப்புறம் கல்யாணமாகி உன் பாட்டி வந்தா, சாலொமோனைக் கொண்டாந்தா. மூணு பேரும் அவங்க அவங்க ஆளுதான் மொதல்ல சொன்னதுன்னு சத்தியம் பண்ணாங்க. கிரெஸ்மன்னு ஒரு ஜெர்மன்காரர் 1907-ல இந்த ஒரு கதைக்கு மட்டும் 22 வடிவம் தேடிப் புடிச்சார். எங்க வீட்டுக்கு வந்திருந்தா கொஞ்சம் அலைச்சல் மிச்சமாயிருக்கும்.

எது மூலம்னு என்னைக் கேக்காதே. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ராஜாக்கள் முதலாம் புஸ்தகம், மூணாம் அதிகாரம், அந்தக் கதை வர்ற 16-லேருந்து 28 வரைக்கும் வசனத்தை மெதுவாப் படி. சாலொமோன்ங்கற பேரே அதுல வராது. ராஜா, ராஜா, ராஜா, அவ்வளவுதான். எந்த ராஜாவோ பண்ணின தீர்ப்பு, பெரிய பேரோட ஒட்டிக்கிச்சு. அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் கேக்கவே வேணாம், பேர் இல்லை. மருத்துவச்சிக்குப் பேர் சொன்ன ஜனம்தான். ராஜா வந்ததும் நெலைமை மாறிப்போச்சு.

யெப்தாவோட மகளுக்கும் பேர் இல்லை. சண்டையில ஜெயிச்சா வீட்டுலேருந்து மொதல்ல எதிர்ல வர்றதைப் பலி குடுக்கறேன்னு அப்பன் நேர்ந்துக்கிட்டான், தம்புரு அடிச்சுக்கினு ஓடியாந்தது ஒரே பொண்ணு. கிரேக்கத்துல இதே நேர்த்தியைப் பண்ணி மகனைப் பறிகொடுத்த ராஜா கதை இருக்கு. நம்ம கன்னடக்காரங்க பாடற 'கெரெகெ ஹார' கேட்டிருக்கியா? ஏரியில தண்ணி வரலை, ஊர்க் கவுண்டர் சின்ன மருமக பாகீரதியைப் பலி குடுக்கறான். ஏரி நெறையுது. அங்க அந்தப் பொண்ணுக்குப் பேர் இருக்கு, ஏன்னா பாடினது பொம்பளைங்க. இங்கயும் இஸ்ரவேல் பொண்ணுங்க வருஷா வருஷம் நாலு நாள் போய் அவளுக்காகப் புலம்புவாங்கன்னு நியாயாதிபதிகள் புஸ்தகத்துல இருக்கு. அந்த நாலு நாளும் அவங்க அவளை இன்னா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களோ, எழுதினவன் காதுல விழலை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்துல பேசப் போறியாம், பாட்டி சொன்னா. சார்கோன், கில்காமெஷ் எல்லாம் மூட்டை கட்டிக்கினு போவாதே. களிமண் பலகையைக் காட்டினா, அது பிசாசு எழுதினதுன்னு ஒருத்தன் எழுந்திருப்பான், கதை அங்கியே முடிஞ்சுடும். அவங்க கையில இருக்கிற புஸ்தகத்தையே தொறக்கச் சொல்லு. கோலியாத்தைக் கொன்னது யாருன்னு கேளு. தாவீதுன்னு கோரஸ் கெளம்பும். குழந்தைங்ககூடக் கையைச் சுத்திக் கவண் விட்டுக் காட்டும். அப்புறம் பொறுமையா, சாமுவேல் இரண்டாம் புஸ்தகம், 21-ஆம் அதிகாரம், 19-ஆம் வசனம்னு சொல்லு. அங்கே கோலியாத்தை வெட்டினது எல்க்கானான்னு இருக்கு. அவனும் பெத்லெகேம்காரன்தான். ஈட்டித் தடி நெய்யறவங்க படைமரம் மாதிரி இருந்துச்சுங்கற வர்ணனைகூட அதேதான்.

பாட்டி பைபிள்ல "கோலியாத்தின் சகோதரன்"னு போட்டிருந்தா மெரளாதே. எபிரெய மூலத்துல அந்த எடத்துல சகோதரன் கெடையாது. பிற்பாடு எழுதின நாளாகமத்துல, முதலாம் புஸ்தகம் 20-ஆம் அதிகாரத்துல, அது இடிக்குதேன்னு ஒரு தம்பியை உண்டாக்கி லாகேமின்னு பேரும் வெச்சாங்க. இங்கிலீஷ் கிங் ஜேம்ஸ்காரங்க அதைப் பார்த்து சாமுவேல்லயும் சாய்வெழுத்துல சேர்த்துட்டாங்க. யூதப் பண்டிதருங்க சில பேர் எல்க்கானான்னா தாவீதோட இன்னொரு பேர்தான்னு சமாளிச்சாங்க. ஒரு சின்ன சிப்பாய் செஞ்ச வேலையை ராஜா கணக்குல எழுத எத்தனை தலைமுறை, எத்தனை பேனா பாரு!

இது நம்ம ஜனத்துக்கு வெளங்காதுன்னு நெனைக்காதே. 1802-ல வாரன் துரை இந்தப் பக்கம் அளக்க வந்தப்போ ஊரிகம் ஜனங்கதான் மண்ணை வண்டியில கொண்டாந்து, அவர் கண்ணெதிர்ல அலசித் தங்கத்தை எடுத்துக் காட்டினாங்க. புஸ்தகத்துல தங்கம் கண்டுபுடிச்சது வாரன், அப்புறம் லவெல். பெங்களூர்ல ரோட்டுக்குப் பேர் லவெல் ரோடு. மண்ணை அலசினவன் பேர் எந்த ரோட்டுல இருக்குன்னு நீ தினம் போற ஊர்ல தேடிப் பாரு. அதைச் சொல்லி எல்க்கானானைச் சொல்லு, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிற ரிட்டயர் ஆன ஆளுங்க நிமிர்ந்து உக்காருவாங்க. அவங்க உன் பக்கம் வந்துட்டா பாதி ஜெயிச்சே.

மீதிப் பாதி இருக்கே, தாவீது பேர்ல கை வெச்சா விடாத பாதி, அதுக்கு என்கிட்ட வேதாந்தம் எதுவும் இல்லை. செருப்பை மட்டும் தெருவைப் பார்க்கிற மாதிரி திருப்பிக் கழட்டி வெச்சுட்டு உள்ளே போ.